உப்பில்லாத நார்த்தங்காய்

கரண்டி நுனியில் எடுத்த தண்ணீரை ஜெயபாக்கியம் நாக்கில் விட்டாள். உப்புக் கரித்தது.

இன்னொரு தரம் எடுத்து விட்டாள். கசப்பு இருந்தது. அது இருக்க வேண்டியதுதான். ஆனால் கசப்புக்கு முன்னால் உப்பு வந்து நின்றது, ஊறுகாய்ச் சாடியில் விரலை விட்டு நக்கியது போல.

அடுப்பில் விறகு அப்போதுதான் பற்றிக்கொண்டிருந்தது. விறகை வெளியே இழுத்துத் தண்ணீர் தெளித்தாள். புகை கிளம்பிக் கண்ணில் ஏறியது. உருளிக்குள் நார்த்தங்காய்த் தோல் மெல்லிய கீற்றுகளாக மிதந்தது. நேற்று முழுக்க உட்கார்ந்து அரிந்தது. விதைகளைப் பொறுக்கி வெள்ளைத் துணியில் முடிந்து அதற்குள்ளேயே போட்டிருந்தாள். விதையில்தான் பசை இருக்கிறது. ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊற வேண்டும். காலையில் வேகவைத்து, தோல் வெந்ததும் சீனியைக் கொட்டிக் கிண்ட வேண்டும். கல்யாணத்துக்கு முன்னால் கொடைக்கானலில் ஒரு மிஷன் பங்களா அடுப்படியில் வேலை பார்த்தபோது பழகியது. வெள்ளைக்காரம்மாள் அதை மார்மலேட் என்பாள். ரொட்டியில் தடவித் தின்பார்கள். அதில் உப்பு கிடையாது. ஒரு கல் கூடக் கிடையாது.

போடியில் இப்போது அதற்கு ஆள் இருந்தது. மலைமேல் எஸ்டேட் பங்களாக்களுக்குச் சாமான் ஏற்றிப்போகும் குத்புதீன் பாய், வெளிநாட்டு டின் எதுவும் வருவதில்லை, சர்க்கார் நிறுத்திவிட்டது என்று அவள் அண்ணன் ஜேசுதாஸிடம் புலம்பியிருந்தார். போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் போனால் எல்லாரும் அந்தக் கசப்பு ஜாமைத்தான் கேட்கிறார்கள். தங்கச்சிக்குத் தெரியும் என்று ஜேசுதாஸ் வாய் தவறிச் சொன்னான். பாய் பிடித்துக்கொண்டார். சனிக்கிழமை மத்தியானம் என் ஜீப்பு கிளம்பும், அதற்குள் ஒரு சீசா காட்டட்டும், சரியாக இருந்தால் வாராவாரம் நானே எடுத்துக்கொள்கிறேன் என்றார்.

ஜேசுதாஸ் அன்று ராத்திரி தங்கையைக் கூப்பிட்டான்.

"பாய் சரின்னு சொல்லட்டும். ராசிங்காபுரத்துக்காரங்களுக்கு நான் வேணாம்னு சொல்லிர்றேன். சொல்லலேன்னா நீ வாயத் தெறக்கக் கூடாது."

ராசிங்காபுரத்துக்காரர் சௌந்தரபாண்டியன். மனைவி இறந்துவிட்டாள், மூன்று பிள்ளைகள், கிணற்றுப் பாசனம். ஜெயபாக்கியமும் புருஷனைப் பறிகொடுத்தவள். அவளைப் பெண் கேட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்ததும் பதில் கேட்க வருகிறார்கள். அவர் கெட்டவர் அல்ல. அதுதான் சங்கடம். கெட்டவராக இருந்தால் மறுப்பதற்கு ஒரு காரணம் இருக்கும். அவளுக்கு வேண்டாம் என்பதைத் தவிர அவளிடம் வேறு காரணம் இல்லை.

இன்று வெள்ளிக்கிழமை. அவள் முன்கூடத்துக்குப் போனாள்.

ஜேசுதாஸின் மனைவி ரெபேக்காள், சுளகை மடியில் வைத்து ஏலக்காய்க்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். சுற்றிலும் சாக்குகள். ஜேசுதாஸ் சின்ன வியாபாரி. மலையிலிருந்து வாங்கி, சுத்தம் பண்ணி, பெரிய கடைகளுக்குப் போடுகிறவன். வீடே சரக்குக் கிட்டங்கிதான்.

"மதினி. ராத்திரி அடுப்படிக்கு வந்தீங்களா?"

ரெபேக்காள் நிமிரவில்லை. "வந்தேன். தண்ணி குடிக்க. அதுக்கும் ஒங்கிட்டக் கேட்டுட்டு வரணுமா?"

"உருளியத் தொட்டீங்களா?"

"அந்தக் கழனித் தண்ணிய நான் எதுக்குத் தொடுறேன்?"

"உப்ப அள்ளிப் போட்டிருக்கீங்க."

கிள்ளிக்கொண்டிருந்த விரல்கள் நின்றன.

"யாரு?"

"நீங்க."

ரெபேக்காள் சுளகை இறக்கி வைத்தாள். எழுந்து அடுப்படிக்கு வந்தாள். கரண்டியை எடுத்துத் தொட்டு நாக்கில் வைத்து, முற்றத்தில் போய்த் துப்பினாள்.

"உப்புத்தான்" என்றாள். "நார்த்தங்காய அரிஞ்சா உப்புப் போடாம ஒலகத்துல வேற என்னத்தப் போடுவாங்க? ஆனா நான் போடல."

"பெறகு யாரு? பூனையா?"

"பூனைகிட்டக் கேளு. உருளி வாயத் துணியால கட்டினது யாரு?"

"நான்."

"காலைல அவுத்தது?"

"நான்தான்."

"முடிச்சு நீ போட்ட மாதிரிதான இருந்துச்சு?"

"அதே மாதிரி திரும்பப் போட்டிருக்கீங்க."

ரெபேக்காள் சிரித்துவிட்டாள். நல்ல சிரிப்பு அல்ல. "களவாணிப் பய கூட இம்புட்டு மெனக்கெட மாட்டான்டி."

"எங்கிட்ட ரூமக் கேட்டீங்கள்ல நேத்து. நான் போய்ட்டா சாக்கு அடுக்கலாம்னு. இங்கதான் நின்னு கேட்டீங்க."

"கேட்டேன். அத மறைக்கல. சாக்கு நனையுது, ரூமு வேணும். நீ போனாலும் வேணும், இருந்தாலும் வேணும். அதுக்கும் உப்புக்கும் என்ன?"

நேற்று நடந்தது ஜெயபாக்கியத்துக்கு வரிவரியாக நினைவிருந்தது. அவள் அரிவாள்மனையில் உட்கார்ந்திருந்தாள். மதினி வாசலில் நின்று சாக்கைப் பற்றிப் பேசினாள். இவள் நிமிராமல் அரிந்தாள். சொல்ல வேண்டியதையெல்லாம் உள்ளுக்குள் சொல்லிக்கொண்டே அரிந்தாள். பிறகு துணியை இழுத்துக் கட்டியது நினைவிருந்தது. அவ்வளவு இறுக்கிக் கட்டியதில் விரல் வலித்தது.

அடுப்பு மேடையில் இருந்த உப்புச் சட்டியைத் தூக்கினாள். வாய் உடைந்த மண்சட்டி, மேலே ஒரு மரமூடி. மூடியைத் தள்ளிவிட்டு மதினி முன்னால் நீட்டினாள்.

"இதத் தொட்டுச் சொல்லுங்க."

ரெபேக்காள் அவள் முகத்தைப் பார்த்தாள். ஒரே அடுப்பில் சமைத்துத் தின்கிறவர்களை உப்பைத் தொடச் சொல்வது சாதாரண விஷயம் அல்ல. அதற்குப் பிறகு ஒருத்தி இன்னொருத்தி கையால் வாங்கிச் சாப்பிடுவது கஷ்டம்.

"தொடணுமா?"

"தொடுங்க."

ரெபேக்காள் கையை உப்புக்குள் மணிக்கட்டு வரை விட்டாள். "நான் போடல." கையை எடுத்து உதறினாள். கல்லுப்பு தரையில் சிதறியது. "போதுமா?"

ஜெயபாக்கியத்துக்கு அது போதவில்லை. உப்பைத் தொட்டும் பொய் சொல்கிறாளே என்று தோன்றியது. அதைச் சொல்லவும் சொன்னாள். சத்தமாகச் சொன்னாள். கொல்லைப்பக்கம் இருந்த ஜேசுதாஸ் உள்ளே வந்தான்.

அவன் இரண்டு பேரையும் பேசவிட்டான். கரண்டியில் தொட்டு அவனும் ருசி பார்த்தான். வாயைத் துடைத்துக்கொண்டான்.

"உப்பு தானா நடந்து வராது" என்றான். "ரெபேக்கா, நீ சாயந்தரப் பஸ்சுக்குக் கம்பம் போ. பாய் வந்து போற வரைக்கும் ஒங்கம்மா வீட்ல இரு."

"நான் போடலன்னு சொன்னப்புறமுமா?"

"ரெண்டு பேரும் ஒரே அடுப்படில இருந்தா இந்தச் சோலி முடியாது. நான் பாய்கிட்ட வாக்குக் குடுத்தாச்சு."

ரெபேக்காளின் முகம் கறுத்துப்போயிற்று. கூடத்துக்குப் போய்ச் சுளகை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

ஜேசுதாஸ் தங்கை பக்கம் திரும்பினான். குரலை உயர்த்தவில்லை. அவன் கோபப்பட்டால் குரல் இறங்கும்.

"ஒன் பேச்ச நம்பி எம்பொண்டாட்டிய வெளிய அனுப்புறேன். இது பொய்யின்னு தெரிஞ்சுது, ஞாயித்துக்கெழம வரைக்கும் பாத்துக்கிட்டு இருக்க மாட்டேன். அந்த நிமிசமே ராசிங்காபுரத்துக்குச் சரின்னு ஆள் அனுப்பிருவேன். பாய் சீசாவப் பாத்தாலும் சரி, பாக்கலேன்னாலும் சரி."

"சரிண்ணே" என்றாள்.

அவன் சொன்னால் சொன்னதுதான்.

உருளியில் இருந்ததைக் கொல்லைக் குழியில் கொட்டினாள். கழுவிப் பிழிந்து பார்க்கலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். தோல் உப்பைக் குடித்துவிட்டது. எத்தனை தண்ணீரில் அலசினாலும் உப்பு போவதற்குள் பசையும் மணமும் போய்விடும். சீனி டின் மட்டும் தொடாமல் இருந்தது. காய்தான் வேண்டும்.

குரங்கணி ரோட்டு முக்கில் மலைச்சரக்கு இறங்கும். மேலே மேகம் இறங்கி மலையைப் பாதிக்கு மேல் காணவில்லை. அவள் போனபோது சுருளி கழுதைகளிடமிருந்து காப்பிக்கொட்டைப் பொதியை அவிழ்த்துக்கொண்டிருந்தான். முந்தின தடவை காய் கொண்டுவந்து கொடுத்ததும் அவன்தான்.

"நார்த்தங்காய் இருக்கா சுருளி?"

"இருக்கு ஆத்தா. ஆனா அது பேசி வச்சது. பாய் வீட்டு பாத்துமுத்து அக்காவுக்கு. ஊறுகாய்க்கு."

"எந்தப் பாய்?"

"ஜீப்புப் பாய்தான். குத்புதீன்."

"நானும் அவருக்குத்தான் செய்யறேன். கொண்டா."

"அன்னிக்குக் கொண்டுபோன ஒரு கூடை என்னாச்சு? அதுக்குள்ள தின்னு தீத்தாச்சா?"

"வீணாப்போச்சு. வெரசா கொண்டா சுருளி. இருட்டுறதுக்குள்ள அரிஞ்சு ஊறப் போடணும்."

அவன் தலையைச் சொறிந்தான். பிறகு கூடையைத் தூக்கி அவள் முன் வைத்தான். காய்கள் பச்சை மாறி மஞ்சள் பிடிக்கத் தொடங்கியிருந்தன. மேல்தோல் முண்டும் முடிச்சுமாக இருந்தது. அவள் ஒன்றை எடுத்து நகத்தால் கீறி முகர்ந்தாள். போதும். நல்ல காய்.

"அக்கா கேட்டா நான் என்ன சொல்ல?"

"பாக்கியம் பிடுங்கிட்டுப் போய்ட்டான்னு சொல்லு."

"அது சரி. நீ இதுல சீனி போட்டு என்னமோ கிண்டுறியாமே. ஊரெல்லாம் பேச்சு. நார்த்தங்காய்ல சீனியா? மாப்ள வீட்டுக்காரங்க ஓடிப்போயிருவாங்க ஆத்தா."

"ஓடட்டும்."

சுருளி சிரித்தான். அவள் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்திக்கொண்டான். கூடையைத் தலையில் தூக்கிவிட்டான்.

"அரிஞ்ச ஒடனே உப்பப் போட்ரு. கொஞ்சம் விட்டா பூத்துப்போகும்."

"இதுக்கு உப்புப் போடக் கூடாது சுருளி."

"நார்த்தங்காய்க்கா?" அவன் பக்கத்தில் நின்ற கழுதையைச் சாட்சிக்குக் கூப்பிடுவது போலப் பார்த்தான்.

வீட்டுக்கு வந்ததும் உருளியை மண்ணும் சாம்பலும் போட்டுத் தேய்த்தாள். மூன்று தடவை தேய்த்தாள். உள்ளே ஈயப்பூச்சு பளிச்சென்று இருந்தது. தண்ணீர் ஊற்றி நாக்கில் விட்டுப் பார்த்தாள். வெறும் தண்ணீர். அரிவாள்மனையைப் போட்டு உட்கார்ந்தாள்.

கூடத்தில் டிரங்குப் பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. சேலைகள் மடிபடும் சத்தம். அண்ணன் ஜட்காவுக்கு ஆள் அனுப்பிவிட்டான். பஸ் ஸ்டாண்டுக்கு அது வந்து ஏற்றிக்கொண்டு போகும்.

காயை நாலாகப் பிளந்தாள். சுளையைப் பிரித்து விதையைத் தட்டில் தட்டினாள். தோலை மனையின் வாயில் வைத்து அரிந்தாள். கீற்று கீற்றாக விழுந்தது. நூல் போல இருக்க வேண்டும், ஆனால் நூலாகிவிடக் கூடாது. சாறு விரல் இடுக்கில் இறங்கி, நேற்றுப் பட்ட சின்னக் கீறலில் எரிந்தது. கை தானாக ஓடியது. சின்ன வயதிலிருந்து எத்தனை கூடை நார்த்தங்காய் அரிந்திருப்பாள். அம்மா வீட்டில் மாசி வந்தால் கூரை முழுக்க நார்த்தங்காய்தான் காயும். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. பார்த்துப் பார்த்து வந்தது.

மதினி போகட்டும் என்று நினைத்தாள். போய் அங்கே அவள் அம்மாவிடம் சொல்லட்டும். நாத்தனார் துரத்திவிட்டாள் என்று கம்பம் முழுக்கச் சொல்லட்டும். உப்பைத் தொட்டுப் பொய் சொன்னவள். நாளைக்குப் பாய் சீசாவைத் திறந்து ருசி பார்த்துச் சரி என்று சொல்லும்போது அவள் இங்கே இருக்கக் கூடாது. திரும்பி வரட்டும். வந்து பார்க்கட்டும். அந்த அறையில் ஒரு சாக்கு கூட இருக்காது. அலமாரியில் சீசாக்கள்தான் இருக்கும். அப்போது கேட்கிறேன்.

கடைசிக் காயும் முடிந்தது. கீற்றுகளை அள்ளி உருளியில் போட்டாள். விதைத்துணியை முடிந்து வைத்தாள். இனித் தண்ணீர்.

"பாக்கியம்."

வாசலில் ரெபேக்காள் நின்றாள். இடுப்பில் துணி மூட்டை. கையில் அரிசிப் பெட்டிச் சாவி. சாவியைக் கொடுத்துவிட்டுப் போக வந்திருக்கிறாள். ஆனால் சாவியை நீட்டவில்லை. சாவியைப் பிடித்த கை பாதி தூரத்தில் நின்றுவிட்டது. அவள் ஜெயபாக்கியத்தின் முகத்தைப் பார்க்கவில்லை. வேறு எங்கோ பார்த்தாள்.

ஜெயபாக்கியம் அவள் பார்த்த இடத்தைப் பார்த்தாள்.

உப்புச் சட்டியின் மரமூடி தரையில் கிடந்தது. அவளுடைய வலது கை உருளிக்கு மேலே இருந்தது. கை மூடியிருந்தது. விரல் இடுக்கிலிருந்து ஒரு கல் உப்பு நழுவி, அரிவாள்மனையின் கட்டையில் விழுந்து தெறித்தது.

அவள் கையைத் திறக்கவில்லை. அசைக்கவும் இல்லை. அது தன் கைதானா என்று பார்ப்பது போலப் பார்த்தாள். சட்டியை எப்போது இழுத்தாள்? மூடியை எப்போது எடுத்தாள்? ஒன்றும் தெரியவில்லை. அரிந்து முடித்தாள், கை போயிற்று. அரிந்தால் அள்ள வேண்டும், அள்ளித் தூவ வேண்டும், தூவிப் பிசற வேண்டும். கைக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

விரல் கீறல் எரிந்தது. நேற்றும் அது இப்படித்தான் எரிந்தது. சாறு என்று நினைத்திருந்தாள்.

"இப்பத் தொட்டுக்கிட்டுத்தான இருக்கே" என்றாள் ரெபேக்காள். குரலில் கோபம் கூட இல்லை. "சொல்லு."

ஜெயபாக்கியம் மூடிய கையை உருளிக்கு மேலிருந்து தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

தெருவில் ஜட்கா மணி கேட்டது. குதிரை நின்று கனைத்தது. முன்வாசலிலிருந்து ஜேசுதாஸின் குரல் வந்தது.

"ரெபேக்கா! வண்டி வந்துருச்சு. கெளம்பு."

ரெபேக்காள் நகரவில்லை. அண்ணனுக்கு எதுவும் தெரியாது. உப்பைச் சட்டியில் திரும்பக் கொட்டிவிட்டால் பார்த்தது இவள் ஒருத்திதான். இவள் சொன்னால் அவன் நம்பவும் மாட்டான். போகிற கோபத்தில் சொல்கிறாள் என்பான். நாளை மத்தியானம் வரைதான். அதற்குப் பிறகு எதுவானாலும் ஆகட்டும்.

சொன்னால் ராசிங்காபுரம். இன்றைக்கே.

"ரெபேக்கா! காது கேக்கலியா?"

ரெபேக்காள் இன்னும் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இதை விட்டால் இன்னொரு தடவை கேட்க மாட்டாள் என்று ஜெயபாக்கியத்துக்குத் தெரிந்தது. மூட்டையை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். ரெண்டு நாளில் திரும்பி வருவாள். இதே அடுப்பில் சமைப்பாள். ஒன்றும் கேட்க மாட்டாள்.

"அண்ணே" என்று கூப்பிட்டாள். "இங்க வாங்க."

அவன் வந்து வாசலில் நின்றான். அவள் கையைத் திறந்து காட்டினாள். உப்பு பாதி கரைந்து உள்ளங்கையில் ஒட்டியிருந்தது.

"நேத்து உப்புப் போட்டது நான்தாண்ணே. எனக்கே தெரியாமப் போட்டிருக்கேன். இப்பவும் அள்ளிட்டேன். மதினி கூப்பிட்டதாலதான் நின்னுச்சு. மதினி போடல."

ஜேசுதாஸ் கையைப் பார்த்தான். உருளியைப் பார்த்தான். மனைவியின் இடுப்பில் இருந்த மூட்டையைப் பார்த்தான். அவன் காதோரம் சிவந்தது.

"அப்ப நான் சொன்னது ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"சரி." குரல் இறங்கியிருந்தது. "ஜட்கா நிக்குது. அதுலயே ராசிங்காபுரத்துக்கு ஆள் அனுப்பிர்றேன்."

அவன் திரும்பினான்.

"அனுப்புங்க" என்றாள் ரெபேக்காள்.

அவன் நின்றான்.

"காலைல என்னைய அனுப்புனீங்க. சாயந்தரம் இவள அனுப்புறீங்க. ஆளாளுக்கு ஜட்கா பிடிச்சு அனுப்பிட்டு, ஏலக்காய் மூட்டையக் கட்டிக்கிட்டுப் படுங்க. சோறு பாய் வீட்ல வாங்கிக்கங்க."

"நீ சும்மா இரு."

"சும்மா இருந்துதான் மூட்டை கட்டினேன். உப்பத் தொட்டவ நான். ஒங்க வாக்கு, ஒங்க வாக்குன்னு நிக்கிறீங்களே, நாளைக்குப் பாய் வந்து சீசா எங்கன்னு கேட்டா, எந்தங்கச்சி உப்புக்கையின்னு சொல்லுவீங்களா? அதுவரைக்கும் ஆள் போகக் கூடாது. பாய் வாயில வச்சுப் பாத்துட்டு வேணாம்னு சொல்லட்டும். பெறகு அனுப்புங்க. நானே ஜட்கா பிடிச்சுத் தர்றேன்."

ஜேசுதாஸ் எதுவோ சொல்ல வாயெடுத்தான். வெளியே ஜட்காக்காரன் கூப்பிட்டான். அவன் போய் வண்டியைத் திருப்பி அனுப்பினான். திரும்ப உள்ளே வரவில்லை. முன்வாசலில் நின்று பீடி பற்றவைத்துக்கொண்டான்.

"மதினி" என்றாள் ஜெயபாக்கியம்.

"ஒனக்காகச் சொன்னேன்னு நெனைக்காத" என்றாள் ரெபேக்காள். "இது நல்லா வரலேன்னா நாந்தான் என்னமோ பண்ணிட்டேன்னு நாளைக்கும் சொல்லுவே. நல்லா வரட்டும். ரூமு எனக்கு வேணும், அதுவும் அப்படியேதான்."

அவள் மூட்டையைக் கீழே வைத்தாள். குனிந்து தரையில் கிடந்த மரமூடியை எடுத்து உப்புச் சட்டியை மூடினாள். சட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள். தன் சுளகுக்குப் பக்கத்தில், ஏலக்காய்ச் சாக்குக்கு மேலே வைத்தாள்.

"இது எங்கிட்ட இருக்கட்டும்."

ஜெயபாக்கியம் கையை மூன்று தண்ணீரில் கழுவினாள். பிறகு உருளியில் தண்ணீர் ஊற்றினாள். துணியால் வாயைக் கட்டினாள்.

அன்று ராத்திரி குழம்புக்கு உப்பு வேண்டியிருந்தது. கூடத்துக்குப் போய்க் கையை நீட்டினாள். ரெபேக்காள் அளந்து போட்டாள். ரசத்துக்கு இன்னொரு தடவை போனாள். சாப்பிடும்போது ஜேசுதாஸ் மோருக்கு உப்புக் கேட்டான். "எந்திரிச்சு வந்து வாங்கிக்கங்க" என்றாள். அவன் எழுந்து வந்து வாங்கிக்கொண்டான்.

சனிக்கிழமை விடிந்ததும் அடுப்பைப் பற்றவைத்தாள். தண்ணீரைக் கரண்டியில் எடுத்து நாக்கில் விட்டாள். கசப்பு. கசப்பு மட்டும். இன்னொரு தரம் விட்டாள். கசப்பு.

தோல் வேக நேரம் பிடித்தது. ஒரு கீற்றை எடுத்து நசுக்கினாள். நசுங்கியது. விதைத்துணியைப் பிழிந்து எடுத்தாள். கொழகொழவென்று பசை இறங்கியது. சீனியைக் கொட்டினாள். கரைந்தது. கொதித்தது. நுரை கட்டியது. நுரையை எடுத்தாள். பித்தளைத் தட்டு ஒன்றைக் கிணற்றுத் தண்ணீரில் போட்டு வைத்திருந்தாள். அதை எடுத்துத் துடைத்து ஒரு சொட்டு விட்டு விரலால் தள்ளினாள். ஓடியது. கிண்டினாள். மறுபடி விட்டாள். ஓடியது. ரொம்பக் கொதித்தால் கல்லாகிவிடும். கொதிக்காவிட்டால் சாறு. கையை நம்ப முடியவில்லை. நேற்று வரை நம்பியிருந்த கை.

வெளியே ஜீப்பு ஹாரன் அடித்தது. பாய் மத்தியானம் என்று சொன்னவர், மேகம் இறங்குகிறது, போடிமெட்டில் பாதை தெரியாது என்று முன்னாலேயே வந்துவிட்டார்.

தட்டில் ஒரு சொட்டு விட்டாள். ஊதினாள். விரலால் தள்ளினாள். சொட்டின் மேல் மெல்லிய தோல் சுருங்கியது, வயதானவர் புறங்கை போல.

விறகை இழுத்தாள்.

பாய் கூடத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஜேசுதாஸ் தூணில் சாய்ந்து நின்றான். ரெபேக்காள் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். ஜெயபாக்கியம் சீசாவைத் துணியில் பிடித்துக் கொண்டுவந்து வைத்தாள். இன்னும் சூடு ஆறவில்லை. உள்ளே கீற்றுகள் அங்கங்கே தொங்கி நின்றன. வெயில் பட்டதும் பொன்னாகத் தெரிந்தது.

"எங்க வீட்டு நார்த்தங்காயப் பிடுங்கிட்டு வந்துட்டியாமே தங்கச்சி" என்றார் பாய். "பாத்துமுத்து காலைலருந்து சத்தம் போடுறா."

"அவங்களுக்கு ஒரு சீசா குடுக்கறேன் பாய்."

"முதல்ல எனக்குக் குடு."

கரண்டியில் கொடுத்தாள். அவர் ஊதி ஊதி வாயில் போட்டார். மென்றார். கண்ணைச் சுருக்கினார்.

"கசக்குது."

ஜேசுதாஸ் தூணிலிருந்து நிமிர்ந்து, வாசலுக்கு வெளியே தெருவைப் பார்த்தான்.

பாய் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கினார். இந்தத் தடவை மெல்ல வாயில் வைத்துக்கொண்டிருந்தார். தோல் கீற்றைப் பல்லில் கடித்தார்.

"கடைசியா வந்த டின்ன ஒடச்சு நான் ருசி பாத்துருக்கேன்" என்றார். "அது இத விட இனிப்பு. இம்புட்டுக் கசக்காது."

ஜெயபாக்கியம் சீசாவின் மூடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ஆனா பங்களாக்காரங்க அந்த டின்னையே கசப்பு பத்தலன்னுதான் கொறை சொல்லுவாங்க. பெரிய தொரையம்மா சொல்லும், இதெல்லாம் பிள்ளைங்க தின்றதுன்னு." அவர் கரண்டியைப் பெஞ்சில் வைத்தார். "இத எடுத்துக்கிட்டுப் போறேன். அடுத்த வாரத்துக்கு ஏழெட்டு சீசா போட்டு வய்யி. ஜேசுதாஸ், நார்த்தங்காய் நீ கொண்டாந்து குடு. எங்க வீட்டுக் காயத் தொடக் கூடாது."

ஜேசுதாஸ் தலையாட்டினான். தங்கையைப் பார்க்கவில்லை. "நாளைக்குக் கோயில் முடிஞ்சதும் அவங்ககிட்ட நானே சொல்லிர்றேன்" என்று தெருவைப் பார்த்துச் சொன்னான்.

ஜெயபாக்கியம் மூடியைத் திருகினாள். முதல் தடவை சரியாகப் பிடிக்கவில்லை. மறுபடி திருகினாள்.

பாய் சீசாவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இதுல என்னென்ன போட்டே?"

"நார்த்தங்காய், சீனி, தண்ணி."

"அம்புட்டுத்தானா? உப்பு?"

ஜெயபாக்கியம் வாயைத் திறப்பதற்குள் சாக்குப் பக்கமிருந்து பதில் வந்தது. ரெபேக்காள் தலையைத் தூக்கவில்லை. ஒரு கை காம்பு கிள்ளியது. இன்னொரு கை மரமூடியின் மேல் இருந்தது.

"உப்பு எங்கிட்ட இருக்கு பாய்" என்றாள்.